ஐசிடி கருவி பீப் அடித்தால் ‘பேட்டரி சத்தம்’ என்று சொல்வதை நம்பாதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் யாருக்காவது நெஞ்சில் ஐசிடி, அதாவது இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி, வைத்திருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்கு 4 வருஷம் முன்னால் ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்தோம். போன மாசியில் வீட்டுக்குள் ஒரு சத்தம். அம்மா செல்போன் என்று நினைத்துத் தலையணைக்கு அடியெல்லாம் தேடினார். அப்பா நெஞ்சில் காதை வைத்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் உள்ளேயிருந்து வருகிறது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல் அடித்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டேன். “பேட்டரி சத்தமா இருக்கும் சார், அடுத்த மாசம் செக்கப்புல பாத்துக்கலாம்” என்றார்கள். நம்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவரை ஷாக் தூக்கிப் போட்டது. மயக்கம் இல்லை, படபடப்பு இல்லை. முழு நினைவோடு அடுத்தடுத்து ஆறு ஷாக் வாங்கினார். ஆம்புலன்ஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது இன்னொன்று. “போதும்டா, இதைக் கழட்டச் சொல்லுடா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ராமநாதபுரத்தில் ஈசிஜி பார்த்த டாக்டர், கருவி இருக்கும் இடத்தில் ஒரு வட்டக் காந்தத்தை வைத்து ஒட்டினார். அதன் பிறகுதான் ஷாக் நின்றது.

அன்றைக்கு இதயத் துடிப்பில் எந்தக் கோளாறும் இல்லை. கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் லீட் வயர் காறை எலும்புக்கு அடியில் முறிந்திருந்தது. முறிந்த வயரில் வந்த மின் இரைச்சலைக் கருவி துடிப்பு என்று எண்ணியிருக்கிறது. வேறொரு டாக்டர் கருவியில் பதிவானதைப் பிரிண்ட் எடுத்துக் காட்டினார்: துடிப்புக்குத் துடிப்பு 130 மில்லி செகண்ட். நிமிஷத்துக்கு 460! எந்த மனுஷ இதயம் அப்படித் துடிக்கும்? 450 ஓம் பக்கம் இருந்த லீட் இம்பீடன்ஸ், அதாவது வயரின் மின்தடை, மூன்று வாரத்துக்கு முன்பே 1,800-ஐத் தாண்டியிருந்தது. அந்தச் சத்தம் அதற்கான எச்சரிக்கை. அன்றைக்கே வரச் சொல்லியிருந்தால் ஷாக்கை நிறுத்தி, படுக்க வைத்து, லீடை மாற்றியிருக்கலாம்.

லீட் முறிவது உலகம் அறியாத விஷயமும் இல்லை. 2007-லேயே மெட்ரானிக் கம்பெனி ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் லீட் விற்பனையை இதற்காகத்தான் நிறுத்தியது. (அப்பாவுடையது அது இல்லை.)

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீட்டிலிருந்தே தகவல் அனுப்பும் மானிட்டர் பெட்டிக்கும் பில்லில் பணம் வாங்கியிருந்தார்கள். பெட்டியைக் கொடுத்தார்கள், அப்பா பெயரில் பதிவே செய்யவில்லை. விளக்கு எரிகிறதே, வேலை செய்கிறது என்று நாலு வருஷம் நம்பியிருந்தோம்.

உங்கள் பெட்டி பதிவாகியிருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் தகவல் போனது என்று நாளைக்கே கேளுங்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் பிரிண்டைக் கையில் வாங்கி, போன தடவை இம்பீடன்ஸ் எவ்வளவு, இப்போது எவ்வளவு, இரைச்சல் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பீப் வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். ஷாக் அடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அது தேவையில்லாத ஷாக்கா என்று வீட்டில் வைத்து நாமே முடிவு செய்யக் கூடாது.

புது லீட் வைத்தாகிவிட்டது. அப்பா இன்னும் வலையைத் தொடப் பயப்படுகிறார்.