பாட்டியின் வீணையைச் செய்தது யார்? தஞ்சாவூர்ப் பட்டறையில் கிடைத்த பதில்

பாட்டியின் வீணையில் செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. தஞ்சாவூரில் வாங்கியது என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மெட்டுகளை, அதாவது தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் உலோகக் கட்டைகளை, பிடித்திருந்த மெழுகு வெடித்து அவை ஆட ஆரம்பித்ததும் தெற்கு வீதிப் பக்கம் உள்ள ஒரு வீணைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மேளம் கட்டித் தர வேண்டும், அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் புது மெழுகில் பதித்துத் தர வேண்டும், முடிந்தால் இதைச் செய்தவர் யார் என்றும் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

பெரியவர் தந்தியைத் தொடவே இல்லை. உருண்டையான குடத்தில் ஆரம்பித்து, நீண்ட கழுத்தான தண்டி வழியாக நுனியில் உள்ள யாளி முகம் வரை விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கும் ஒட்டு இல்லை. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணை. யாளியின் கண்ணுக்கு மேலே இரட்டைக் கோடு ஓடுவதைக் காட்டி, "இது எங்க பெரியப்பா பட்டறைக் கைவேலைம்மா" என்றார். பரணிலிருந்து உடைந்த பழைய யாளி ஒன்றை இறக்கிப் பக்கத்தில் வைத்தார். அதே இரட்டைக் கோடு, காதோரம் அதே சுருள். செதுக்கியது பெரியப்பாவா, அவரிடம் வேலை பார்த்தவரா என்று கேட்டதற்கு, "அதைச் சொல்ல முடியாது" என்றார். தெரிந்ததோடு நிறுத்திக்கொண்ட அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன்.

24 மெட்டுகளோடு இன்றைய வீணையின் வடிவம் அமைந்தது தஞ்சை அரசர் ரகுநாத நாயக்கர் காலத்தில் என்று படித்திருக்கிறோம். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அரசர் பெயர் இருக்கிறது, ஊர் பெயர் இருக்கிறது, மரத்தைக் குடைந்தவர் பெயர் மட்டும் இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகில் கரித்தூள் கலந்து புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு மெட்டையும் மெழுகில் வைத்து, மீட்டிக் கேட்டு, நூலளவு நகர்த்தி, மறுபடி மீட்டி, அப்புறம்தான் அழுத்தினார். கருவி எதுவும் கிடையாது, காது மட்டும்தான். அந்தர காந்தார ஸ்வரத்துக்கான மெட்டில் வெகுநேரம் நின்றார். இப்போது மேல் ஸ்தாயியில் தந்தியை இழுத்தால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, சுத்தமாக வந்து நிற்கிறது.

குடத்தின் ஓரத்தில் தந்தப் பட்டை பெயர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் பட்டை வைத்திருக்கிறார்கள். தந்தத்துக்குத் தடை என்பதால் வேறு வழியில்லை, ஆனால் நிறம் இன்னும் கொஞ்சம் ஒத்துப்போயிருக்கலாம். சொன்ன நாளில் வீணை கைக்கு வரவில்லை என்பதும் ஒரு குறைதான். நவராத்திரிக் கொலுவுக்கு அது இல்லாமலே பாட வேண்டியதாகிவிட்டது.

கூலியை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், பிறகு ஏற்றுவதில்லை. பழைய வீணை வைத்திருப்பவர்கள், நவராத்திரிக்குக் கைக்கு வர வேண்டுமென்றால் ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், யாளி யார் கைவேலை என்று கேளுங்கள். இதைப் பார்த்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.