ஸ்பிரிங் ஏர்கன்னில் ஸ்கோப்: சில வருடம் உபயோகித்த பிறகு எழுதுவது

என்னிடம் இருப்பது குழலை மடித்து லோடு பண்ணுகிற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், குண்டு அளவு .177 அங்குலம், மேலே 3-9x40 ஸ்கோப், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி. குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் வருவதால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவைப்படாத ரகம். காகித டார்கெட், தகர டப்பா, இவ்வளவுதான் என் வேட்டை. பறவை மேல் திருப்புகிறவர்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சில வருடமாக இதே ஜோடிதான். ஸ்கோப்பைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் இல்லை, சாயங்காலம் கொஞ்சம் மங்கும், அவ்வளவே. "ஸ்கோப் சரியில்லை" என்று நண்பர்கள் கொண்டுவந்து காட்டிய துப்பாக்கிகளிலும் முக்கால்வாசி கோளாறு ஸ்கோப்புக்குக் கீழே, அதாவது ஸ்கோப்பை ரிங்குகளால் பிடிக்கும் மவுண்டிலும், அது உட்காரும் துப்பாக்கியின் மேல் பள்ளமான ரெயிலிலும்தான் இருந்தது.

முதல் தலைவலி, குண்டு கீழே போவது. டர்ரெட்டை, அதாவது ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகை, நடுவில் வைத்துச் சுட்டால் 20 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே. அதில் ஒரு பகுதி இயல்பானது: ஸ்கோப் குழலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெல்லட்டும் போகப் போகத் தாழும். மிச்சம்தான் கோளாறு. மடிக்கும் குழல் பூட்டும்போது அதன் முனை ரெயிலைவிட இம்மியளவு கீழ்நோக்கியே நிற்கும். இந்த வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் இது உண்டு. இரும்பு சைட்டில் சுட்டவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் பல மாடல்களில் முன் சைட், பின் சைட் இரண்டுமே குழலோடு சேர்ந்து அசைகிற பாகத்தில்தான் இருக்கின்றன. ஸ்கோப் மாட்டிய அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வரும்.

இதற்கு எல்லோரும் செய்வது மேல் டர்ரெட்டைக் கடைசி வரை திருகுவது. தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னக் குழாயை ஒரு ஸ்பிரிங்தான் அழுத்திப் பிடித்திருக்கிறது; ஒரு ஓரத்துக்குப் போய்விட்டால் அந்தப் பிடி தளர்ந்து, காலையில் வைத்த ஜீரோ (குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும் அமைப்பு) சாயங்காலம் வேறு இடத்தில் இருக்கும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கிளிக்கை எண்ணி, பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைப் பின் ரிங்கில் சரிசெய்ய வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ரிங் அகலத்துக்கு வெட்டி, பின் ரிங்கின் கீழ்ப்பாதியில் வைத்து, அதன்மேல் ஸ்கோப்பை உட்கார வைத்தால் போதும். கணக்கு சுலபம். இரண்டு ரிங்குக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இருந்தால், 0.1 மில்லிமீட்டர் தடிமன் 20 மீட்டரில் 2 சென்டிமீட்டர் தூக்கும். எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு அடுக்கு 0.2-ஐ ஒட்டி வரும், ஆக 4 சென்டிமீட்டர் பக்கம். இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள், ஸ்கோப் குழாய் வளைந்து ரிங் தடம் பதியும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பின்பக்கம் உயரமாகக் கடைந்த மவுண்ட் தனியாகவே கிடைக்கிறது, காசைப் பார்க்காமல் அதை வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது நழுவல். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் மோதியதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதையில், பெரிய தோட்டாத் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்பே உள்ளே உடைந்துபோவதுண்டு, அதனால் வாங்கும்போது 'ஸ்பிரிங் ஏர்கன் தாங்குமா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு தனி ரிங்குகள் ரெயிலின் 11 மில்லிமீட்டர் பள்ளத்தில் மெல்ல மெல்லப் பின்னால் ஊர்ந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள்: ரிங்குக்கு முன்னால் கறுப்புப் பூச்சு தேய்ந்து, வெள்ளையாக ஒரு கீறல் மின்னினால் ஸ்கோப் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் கீழே ஸ்டாப் பின் (நழுவாமல் தடுக்கும் ஆணி) உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட்டுக்கு மாறிவிட்டேன். அந்த ஆணி ரெயிலில் உள்ள துளைக்குள் சும்மா தொங்கினால் பிரயோஜனமில்லை, துளையின் பின் விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். மாட்டும் முன் பள்ளத்தில் இருக்கும் ஃபேக்டரி எண்ணெயை ஸ்பிரிட்டால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் கிராஸ்ஹேர், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகளின் சாய்வு. கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைச் சுவரில் தொங்கவிட்டு, துப்பாக்கியின் மேல் சின்ன ரசமட்டம் வைத்து, செங்குத்துக் கோட்டை நூலோடு பொருத்தினால் வேலை முடிந்தது. ஆனால் திருகை முடுக்கும்போது ஸ்கோப் அந்தப் பக்கமாகச் சுழலும். ஒரு திருகை முழுசாக இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகக் கால் சுற்று கால் சுற்றாகப் போய், ரிங்கின் இரண்டு பக்க இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கும்படி இறுக்குங்கள். ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து இறுக்கினாலே போதும். சாய்வைப் பற்றி நம் ஆட்கள் ரொம்பவே அலட்டிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஜீரோ வைத்த தூரத்தில் அது தெரியாது, 10 மீட்டருக்கோ 30 மீட்டருக்கோ போனால் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகும், டப்பா சுடுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இடம்-வலம் தப்பினால் மவுண்ட்டைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள், பல நேரம் பாதிப் பிழை அதிலேயே போய்விடும். அதற்கு முன்னால் குழல் மடியும் இடத்துப் போல்ட்டையும், கட்டையின் முன் திருகுகளையும் பார்க்க வேண்டும். என் துப்பாக்கியில் அடிக்கடி தளர்வது இந்த முன் திருகுகள்தான். திருகின் தலையிலிருந்து கட்டை வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரே கோடு இழுத்துவைத்திருக்கிறேன், கோடு உடைந்து நின்றால் திருகு அசைந்திருக்கிறது. சுடுவதற்கு முன் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

பேரலாக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கஜத்துக்கு நிரந்தரமாக செட் செய்த ஸ்கோப்பை 20 மீட்டரில் வைத்துச் சுட்டால், தலை கொஞ்சம் நகர்ந்தாலும் குறி நகரும், அதைக் கோணல் என்று நினைத்து மவுண்ட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். முன் லென்ஸைச் சுற்றிய ஃபோகஸ் வளையம் 10 கஜம் வரை இறங்குகிற ஸ்கோப்பாக வாங்குங்கள். கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 20 மீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை என்பதால், நாலு கிளிக் திருகிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று பதறவும் வேண்டாம்.

இப்போது நல்ல பெல்லட் போட்டு, துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுட்டால், 20 மீட்டரில் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுகின்றன. இறுக்கிப் பிடித்தால் விழாது. அதை எந்த மவுண்ட்டும் சரிசெய்யப்போவதில்லை.