மருத்துவக் கவனக்குறைவு வழக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும்

மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. எவ்வளவு இழப்பீடு கேட்கிறோம் என்பதை வைத்தல்ல, கட்டிய பில்லை வைத்துத்தான் இந்தக் கணக்கு. சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும், நோயாளி குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. செலவை வைத்துப் பார்த்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

பில்லைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் நோயாளி நுகர்வோர்தான். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால் அந்த இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டில்தான். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி போதவே போதாது. அது எல்லாம் முடிந்தபின் எழுதப்படும் சுருக்கம். நர்ஸ் குறிப்புகள், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் குறித்த சார்ட், மருந்து கொடுத்த நேரம், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, சம்மதப் படிவம், ஸ்கேன் படங்கள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இரவு 2 மணிக்கு அழுத்தம் இறங்கியதை நர்ஸ் குறித்திருப்பார். டாக்டர் வந்து பார்த்த பதிவு காலை 7 மணிக்கு இருக்கும். அந்த இடைவெளிதான் வழக்கு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி. கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்குங்கள், அல்லது ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே உங்கள் பக்கம் பேசும்.

செய்த தவறு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதும் கவனக்குறைவே. எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை தேவை என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு சுமார் 1.8 கோடி ரூபாய்.

சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. மனுக்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். திறமையுள்ள இன்னொரு மருத்துவர் அதே நிலையில் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று காட்ட வேண்டும். வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்தது போன்றவை தானே பேசும். மற்றவற்றுக்கு அதே துறை நிபுணரின் கருத்து வேண்டும். சட்டம் எல்லா வழக்கிலும் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் போகும் சிக்கலான வழக்கு நிற்பது கடினம். உள்ளூர் டாக்டர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள் என்பதால், வெளியூர் நிபுணரை முன்கூட்டியே தேடுவது நல்லது.

காலக்கெடு 2 ஆண்டு. பாதிப்பு பிறகுதான் தெரிந்தது என்றால் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் வலியோடு இருந்தும் விசாரிக்காதவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. மருத்துவக் கவுன்சிலிலோ போலீசிலோ கொடுத்த புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். கவுன்சில் டாக்டர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு தராது.

இப்போது நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனுவைப் பதிவேற்றலாம். மனு, தேதிவாரிப் பட்டியல், பிரமாண வாக்குமூலம், பக்க எண்ணிட்ட ஆவணங்கள் எல்லாம் பிடிஎஃப்பாக வேண்டும். மங்கலான கேஸ் ஷீட் நகலைத் தெளிவாக ஸ்கேன் செய்து, டாக்டரின் கையெழுத்து புரியாத பக்கங்களுக்குத் தட்டச்சுப் பிரதியும் சேருங்கள்.

பெரிய குறை, தாமதம். எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் பதிலுரை தர வேண்டும்; அதற்குமேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்கிறது உச்ச நீதிமன்றம். மூன்று மாதத்தில் வழக்கை முடிக்கச் சொல்கிறது சட்டம். நடப்பதோ வாய்தாமேல் வாய்தா, ஆண்டுகள் ஓடும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தபின் மருத்துவமனை மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனால், தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். நீங்கள் தோற்றால் மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருக்கிறது. அதற்கு இந்த முன்பணம் கட்டத் தேவையில்லை.