பூட்டு போட்ட பேக்கப் பாக்ஸ்: வருஷக்கணக்கா ஓட்டினப்புறம் தோணறது

இம்யூட்டபிள் பேக்கப் பாக்ஸ் (குறிப்பிட்ட நாள் வரைக்கும் யாரும் அழிக்கவோ மாத்தவோ முடியாதபடி பேக்கப்பை பூட்டி வெக்கற மெஷின்) வாங்கலாமா, காசு தண்டமா போயிடுமான்னு நண்பர் ஒருத்தர் கேட்டிருந்தாரு. எங்க ஆபீஸ்ல இதை வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருக்கோம், அதனால கேட்டலாக்ல இருக்கறதை விட்டுட்டு கூடவே இருந்து பாத்ததை மட்டும் சொல்றேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். ரான்சம்வேர் கும்பல், அதாவது ஃபைலை என்கிரிப்ட் பண்ணி திறக்க முடியாம ஆக்கிட்டு பணம் கேக்கற கும்பல், உள்ள வந்ததும் அந்த வேலையை ஆரம்பிக்காது. டொமைன் அட்மின் (ஆபீஸ் நெட்வொர்க் முழுக்க அதிகாரம் இருக்கற அக்கவுன்ட்) பாஸ்வேர்டை பிடிக்கும், பேக்கப் எங்க இருக்குன்னு தேடி அழிக்கும், விண்டோஸ்ல இருக்கற ஷேடோ காப்பியை (ஃபைலோட பழைய வடிவத்தை விண்டோஸே எடுத்து வெக்கற காப்பி) ஒரே கமாண்ட்ல துடைக்கும், என்கிரிப்ஷன் எல்லாம் அதுக்கப்புறம்தான். இந்த பாக்ஸ் கை கொடுக்கறது அந்த இடத்துல. வாங்கின புதுசுல டெஸ்டுக்காக பேக்கப் சாஃப்ட்வேர்ல டொமைன் அட்மினா லாகின் பண்ணி, முந்தின நாள் ரீஸ்டோர் பாயின்ட்டை, அதாவது அன்னிக்கு எடுத்த பேக்கப்பை, செலக்ட் பண்ணி டெலிட் அமுக்கினேன். புரோக்ரஸ் பார் கொஞ்சம் ஓடிச்சு, அப்புறம் சிவப்பு எழுத்துல இன்ன தேதி வரைக்கும் அழிக்க முடியாதுன்னு காட்டி நின்னுடுச்சு. பாக்ஸ் டொமைன்லயே சேரல, தனி லாகின், எஸ்எஸ்எச் (வேற மெஷின்ல இருந்து கமாண்ட் கொடுக்கற வழி) ஆஃப். அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

ஆனா அதே பூட்டுதான் தினசரி தலைவலி. இடம்! எப்பவும் இடம்! மார்க்கெட்டிங்ல ஷூட் பண்ண வீடியோ மொத்தத்தையும் ஃபைல் சர்வர்ல கொட்டிட்டு மறுநாள் அவங்களே அழிச்சிட்டாங்க, அதுக்குள்ள ராத்திரி பேக்கப் அதை எடுத்தாச்சு, லாக் 30 நாள், அந்த 30 நாளும் யார் தலைகீழா நின்னாலும் அது அங்கேயேதான் இருக்கும். இதுல இன்னொன்னு, இன்க்ரிமென்டல் (முந்தின பேக்கப்புக்கு அப்புறம் மாறினதை மட்டும் எடுக்கற) பேக்கப் செயின்ல கடைசி பேக்கப் லாக்ல இருக்கற வரைக்கும் அதுக்கு அடிப்படையான ஃபுல் பேக்கப்பும் லாக்லயே இருக்கணும், அதனால 30 நாள்னு போட்டா நிஜத்துல அதைவிட ஜாஸ்தி நாள் இடம் பிடிக்கும். விக்க வந்தவங்க இதைப் பத்தி வாயே திறக்கல. டிஸ்க் 90 சதவீதம் நிறைஞ்சுடுச்சுன்னு காலையில மெயில் வந்தா அன்னிக்கு மத்த வேலை எதுவும் ஓடாது.

இந்த இடக் கணக்கை பாத்துப் பாத்துதான் ஒரு நல்ல விஷயமும் பிடிபட்டுச்சு. இன்க்ரிமென்டல்னா மாறின பிளாக் மட்டும்தான் போகும், சாதாரண நாள்ல கொஞ்சமாத்தான் இருக்கும். ரான்சம்வேர் ஓடினா எல்லா ஃபைலும் மாறும், என்கிரிப்ட் ஆன டேட்டா கம்ப்ரஸும் ஆகாது டீடூப்பும் (ஒரே மாதிரி இருக்கறதை ஒரு தடவை மட்டும் சேமிக்கறது) ஆகாது, அன்னிக்கு இன்க்ரிமென்டல் கிட்டத்தட்ட ஃபுல் சைஸுக்கு வீங்கிடும். அதனால வழக்கத்தை விட சில மடங்கு தாண்டினா உடனே போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி வெச்சேன். வீடியோ கொட்டின அன்னிக்கு சரியா அடிச்சுது. ஆன்டிவைரஸ் கண்ணுல மண்ணைத் தூவினாலும் இந்த நம்பரை ஏமாத்தறது கஷ்டம். அப்படி வீங்கின ஒரு பேக்கப்பை தாங்கற அளவு இடத்தை எப்பவும் காலியா வெச்சுக்கணும்.

எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கறது இன்ஸ்டாலேஷன்தான். வந்தவங்க சர்வரோட ரிமோட் மேனேஜ்மென்ட் போர்ட்டை (தூரத்துல இருந்தே மெஷினை முழுசா கட்டுப்படுத்தற வழி) ஆபீஸ் நெட்வொர்க்லயே சொருகிட்டு, பாஸ்வேர்டையும் மாத்தாம போயிட்டாங்க. லாக் எல்லாம் ஓஎஸ்ஸுக்குள்ளதான் வேலை செய்யும், அந்த போர்ட் வழியா வர்றவன் ரெய்டையே (பல டிஸ்க்கை ஒன்னா சேத்து வெச்ச அமைப்பு) அழிச்சு புது வால்யூம் போட்டுடலாம். நேரம் வேற ஆபீஸ் டொமைன் கன்ட்ரோலர்ல (லாகின் எல்லாத்தையும் சரிபாக்கற சர்வர்) இருந்து எடுத்துட்டு இருந்துச்சு, கும்பல் அங்க தேதியை முன்னாடி தள்ளினா இங்க லாக் காலாவதி ஆக சான்ஸ் இருக்கு. சில மாடல் இதை கண்டுபிடிச்சு நிறுத்திடும், எல்லாம் நிறுத்தாது. வாங்கறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் கண்டிப்பா கேளுங்க.

ரீஸ்டோர் வேகத்தையும் பாத்துக்கோங்க. 1 ஜிகாபிட் லைன்ல 10 டெராபைட் திருப்பி எடுக்க முழு வேகத்துல ஓடினாலே 22 மணி நேரம் ஆகும், நிஜத்துல ஒரு நாள் தாண்டும். முதல்ல ஆக்டிவ் டைரக்டரி (டொமைன் கன்ட்ரோலர்ல இருக்கற யூசர், பாஸ்வேர்ட் பட்டியல்) வரணும், அது இல்லாம ஃபைல் வந்து பிரயோஜனம் இல்ல. 2017ல நாட்பெட்யாங்கற மால்வேர் அடிச்சப்போ மேர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கு உலகம் முழுக்க டொமைன் கன்ட்ரோலர் எல்லாம் போயி, கானா ஆபீஸ்ல கரன்ட் போனதால நெட்வொர்க்ல இல்லாம தப்பிச்ச ஒன்னை வெச்சுத்தான் திரும்ப எழுந்தாங்க. அப்புறம் டேட்டாவை திருடிட்டு வெளியிடுவேன்னு மிரட்டறவங்களை இந்த பாக்ஸ் ஒன்னும் பண்ணாது. 2021ல அமெரிக்க எரிபொருள் குழாய் கம்பெனி கலோனியல் பைப்லைன்ல ரான்சம்வேர் கும்பல் நுழைஞ்சது ரெண்டாவது வெரிஃபிகேஷன் இல்லாத பழைய விபிஎன் (வெளியில இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) அக்கவுன்ட் வழியா, அதை மூடற வேலை நம்ம கையிலதான் இருக்கு.

இப்போ ரிப்பேர் கதை. சமீபத்துல ரெய்ட் கன்ட்ரோலர் (டிஸ்க் எல்லாத்தையும் சேத்து நடத்தற கார்டு) போச்சு. சப்போர்ட்ல பேசின ரெண்டு பேரும் "ரீசெட் பண்ணி புதுசா செட்டப் பண்ணிடலாம் சார்"ன்னு அதையே திருப்பித் திருப்பி சொன்னாங்க. எங்க மொத்த பேக்கப்பும் அதுக்குள்ள இருக்கு, அதை ஒரு பேச்சுக்குக்கூட யோசிக்காம அழிக்கலாம்னா எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. விடாம கேட்டப்புறம் சீனியர் ஒருத்தர் வந்தாரு, புது கார்டை போட்டு, டிஸ்க்ல எழுதியிருந்த பழைய ரெய்ட் கான்ஃபிகரேஷனை இம்போர்ட் பண்ணாரு, அரை மணி நேரத்துல முடிஞ்சுது, ஒரு ஃபைல் கூட போகல.

பொருள் நல்ல பொருள், சொன்ன வேலையை செய்யுது. இருந்தாலும் இந்த கம்பெனிகிட்ட வாங்குங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ரினியூவல் வந்தா நாங்க போடப் போறதில்ல, லினக்ஸ் சர்வர் ஒன்னு எடுத்து அதே லாக்கை நாங்களே போட்டுக்கறோம், ஆப்ஜெக்ட் லாக்கோட (கிளவுட் ஸ்டோரேஜ்ல இருக்கற இதே மாதிரி பூட்டு) ஒரு காப்பி வெளியில, மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கு தனி ஸ்விட்ச்.