தேக்கடி டைகர் டிரெயில்: பட்டை உரித்தவர் பின்னால் இரண்டு நாள் நடை

அப்பா கம்பத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மலையிலிருந்து சாக்குப்பையில் மசாலாப் பட்டை வரும். முகர்ந்து பார்த்து எடை போடுவார். எந்த மரத்துப் பட்டை, யார் உரித்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. போன டிசம்பரில் அந்தத் தொழிலில் இருந்த ஒருவர் பின்னால் இரண்டு நாள் நடந்தேன்.

தேக்கடியில் இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்தில் டைகர் டிரெயில் என்று ஒரு பயணம் உண்டு. காட்டுக்குள் கூடாரத்தில் தங்கி நடக்க வேண்டும். நான் ஓரிரவுப் பயணம் போனேன். எங்கள் குழுவில் ஐந்து பேர். கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். அரிசி, பாத்திரம், கூடாரம் எல்லாம் சுமந்து வந்தவர்களும் சமைத்தவர்களும் வழிகாட்டிகளே. சாதமும் சாம்பாரும்தான், ஆனால் மலை ஏறி இறங்கிய பசிக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அட்டை கடிக்காமல் இருக்கத் துணிக் காலுறை தருகிறார்கள். மேலே மூக்குப்பொடியைத் தேய்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். மிளாவும் காட்டுமாடும் பார்த்தோம். கருமந்திக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே குரல் கொடுத்துக்கொண்டே வந்தது. புலியின் கால்தடம் மட்டும் ஓடைச் சேற்றில் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில், வழிகாட்டிகளில் மூத்தவர் ஒரு மரத்தடியில் நின்றார். "தாயி, இதுதான் வயணா மரம். இலையக் கசக்கிப் பாருங்க." கசக்கினேன். அப்பாவின் கடை வாசனை. "அப்பல்லாம் ஏறி உரிக்க நேரம் ஏது? மரத்தையே சாய்ச்சிருவோம். பத்து நாளைக்கு அரிசி கட்டிக்கிட்டு வந்து, காய வச்சு, ராத்திரியில எறக்குவோம்" என்றார். குரலில் பெருமையும் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை. "அண்ணே, எங்க அப்பாவும் இந்தப் பட்டைய வாங்கித்தான் வித்தாரு" என்றேன். "வாங்க ஆளிருந்துச்சு, நாங்க வந்தோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

1996-இல் உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் தர, இந்தியாவில் ஏழு காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு வேறு பிழைப்புக் காட்டி, அவர்களை வைத்தே காட்டைக் காப்பதுதான் அது. அவற்றில் பெரியாறும் ஒன்று. பட்டை உரித்தவர்கள் சரணடைந்தார்கள். கடத்தல் வழிகளையும் ஆட்களையும் வனத்துறைக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக வழக்குகள் விலக்கப்பட்டன. அவர்களுக்கென்று சூழல் மேம்பாட்டுக் குழு அமைந்தது. 1998-இல் இந்த நடைப்பயணம் தொடங்கியது. காட்டை இவர்களைவிட யார் அறிவார்கள்? நாம் கட்டும் பணத்திலிருந்து மாதச் சம்பளம் போகிறது. கள்ள வேட்டைக்காரர்களைத் தடுக்கும் ரோந்தும் இந்த நடையிலேயே நடந்துவிடுகிறது.

இதே திட்டத்தில் மன்னான், பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் மிளகுக் கடனைத் தீர்த்தார்கள். அவசரத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு, கொடியில் இருக்கும்போதே மிளகை அடிமாட்டு விலைக்குப் பேசி வைத்துவிடும் வியாபாரிகள் பிடியிலிருந்து அது அவர்களை மீட்டது. கம்பத்துக் கடைக்காரர் மகளாக இதன் அருமை எனக்குத் தெரியும்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. இதே பணம் போன கர்நாடகத்து நாகரஹொளேயில், எங்களைக் கேட்காமலே திட்டம் போட்டுவிட்டார்கள் என்று ஆதிவாசிகள் 1998-இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடமே முறையிட்டார்கள். உலக வங்கி இருக்கும் வாஷிங்டனிலிருந்து இரண்டு இடத்துக்கும் ஒரே மாதிரி காசோலைதான் வந்தது. பெரியாறில் வனத்துறை ஆட்கள் குற்றவாளிகளாகப் பிடித்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுப் பணம் 2004-இல் நின்றது. அதோடு எத்தனையோ திட்டங்கள் படுத்துவிடும். இங்கே அதே ஆண்டு பெரியாறு அறக்கட்டளையை உருவாக்கி, பயணிகளிடம் வாங்கும் கூடுதல் கட்டணத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். சீட்டின் விலை அதிகம் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவை வனத்துறையிடமே செய்யுங்கள். முதல் தடவை நான் ஒரு ஜீப் தரகரை நம்பினேன். காட்டுப் பயணம் என்று சொல்லி ஏலத்தோட்டத்தைச் சுற்றிக்காட்டி அனுப்பிவிட்டார். முட்டிவலி இருந்தால் இந்த நடை வேண்டாம், படகே போதும். வெள்ளைச் சட்டையும் வாசனைத் திரவியமும் வேண்டாம். கேள்வி கேட்க நினைப்பவர்கள் இரவில் தீ மூட்டியதும் கேளுங்கள். வழிகாட்டிகள் முறை வைத்து விடியும்வரை காவல் இருக்கிறார்கள், அப்போதுதான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். நான் இரண்டு மணி வரை விழித்திருந்து கேட்டேன். எதிர்க்கரையில் யானை மூங்கில் ஒடிக்கும் சத்தம் வந்தபோது மட்டும் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம்.