பைத்தான் பாடங்களோடு இரண்டு வருடம், நடுவில் அரைக் கிலோ இலை

கோத்தகிரியில் எங்கள் அத்தை அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபாக்டரிக்கு அனுப்புகிறார். அந்தக் கணக்கு நோட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாமே என்றுதான் இரண்டு வருடத்துக்கு முன்பு பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க உட்கார்ந்தேன். அதற்குமுன் கோடிங் வாசனையே கிடையாது. தமிழில் ஒரு வீடியோ தொடர், காசு கொடுத்து வாங்கிய ஒரு பிடிஎஃப், பைத்தானின் அதிகாரப்பூர்வப் பாடம், இந்த மூன்றோடும் புழங்கிய அனுபவம் இது.

வீடியோ இல்லையென்றால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன். மேகம் இறங்கினால் நெட் படுத்துவிடும் என்பதால் ராத்திரியே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வேன். ஒரே மாதத்தில் எடையைக் கூட்டி, விலையால் பெருக்கி, ஆளுக்கு எவ்வளவு என்று காட்டும் புரோகிராம் ஓடியது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் மழை வந்தது. ஈர இலைக்குப் பத்து சதவீதம் கழிவு. 25 கிலோ கொண்டுவந்த அக்காவுக்கு 22.5 வரவேண்டும், முழு எண்ணாக்கியதும் 22 என்று காட்டியது. 35 கிலோ கொண்டுவந்தவருக்கு 31.5 போய் 32 ஆனது. நோட்டில் எப்போதும் அரை வந்தால் முழுசாகப் போடுவதுதான் வழக்கம். "அவருக்கு ஏத்துறீங்க, எனக்கு மட்டும் இறக்குறீங்களே" என்று அந்த அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிடிஎஃபைத் திறந்தால், எண்ணை முழுசாக்கும் ரவுண்ட் ஃபங்ஷன் (பைத்தானில் தயாராக இருக்கும் ஒரு கட்டளை) 0.5 வந்தால் மேலே ஏற்றும் என்று அச்சுப்போல எழுதியிருக்கிறது. தப்பு. பைத்தான் 3, சரிபாதியாக நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். அரையை எப்போதும் மேலேயே தள்ளினால் நீண்ட கணக்கில் மொத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. வீடியோவில் "பக்கத்து முழு எண்ணாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதியைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. அதனால் அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் வீடியோவும் ஓரிடத்தில் சறுக்கியது. லென் ஃபங்ஷன் ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லுமாம். ஆங்கிலச் சொல்லைப் போட்டுக் காட்டினார்கள், சரியாக வந்தது. நான் 'கோத்தகிரி' என்று போட்டேன். 9! விரல்விட்டு எண்ணினேன்: கோ, த், த, கி, ரி. ஐந்துதான். நான்தான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று அரைமணி நேரம் அழித்து அழித்து எழுதினேன். அது எண்ணுவது யூனிகோடு குறிகளை, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமித்துவைக்கும் குறியீடுகளை; புள்ளி, துணைக்கால், கொக்கி எல்லாம் தனித்தனிக் கணக்கு. தமிழில் சொல்லிக்கொடுப்பவர் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அதிகாரப்பூர்வப் பாடம் இதில் கெட்டி. லென் சரத்தின் (கோடில் எழுதும் சொல் அல்லது வாசகத்தின்) நீளத்தைத் தரும் என்று ஒரே வரி. எழுத்து என்ற பேச்சையே எடுப்பதில்லை. 1.1-ஐயும் 2.2-ஐயும் கூட்டினால் 3.3000000000000003 என்று ஏன் வருகிறது என்ற சங்கதியை 15-ஆம் அத்தியாயத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. ஆனால் புரோகிராமிங்குக்கே புதியவர்களுக்கு இது இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். உண்மைதான், முதல் மாதத்தில் நான் நாலு பக்கம் தாண்டவில்லை.

இப்போது அத்தை மகளுக்கு வீடியோவையே போட்டுக் காட்டுகிறேன். பிடிஎஃபைத் தரவில்லை. ரவுண்டுக்குப் பக்கத்தில் "பாதி வந்தால் வேறு விதி, பிறகு பார்ப்போம்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். லென் பாடம் வந்த அன்று ஒன்றும் சொல்லாமல் 'நீலகிரி' என்று போடச் சொன்னேன். 7 வந்தது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "மேல போடுற கொக்கியைக்கூடத் தனியா எண்ணுதா அண்ணா?" என்றாள்.