மில்ஸ், எம்.கே. 2, எம் 24: எந்தக் கைக்குண்டின் குறியை நம்பலாம்?

பழைய கைக்குண்டு சேகரிப்பவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது மூன்றை: பிரிட்டனின் மில்ஸ் குண்டு, அமெரிக்காவின் எம்.கே. 2, ஜெர்மனியின் எம் 24 பிடிக்குண்டு. மூன்றிலும் குறிகள் உண்டு, ஆனால் அவை இருக்கும் இடம் வேறு வேறு. ஒன்று இரும்பில் பேசுகிறது, ஒன்று பெயின்டில், மற்றொன்று மரத்திலும் தகட்டிலும். எது கடைசிவரை பொய் சொல்லாமல் தாங்குகிறது என்பதுதான் என் அளவுகோல்.

மில்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், படிக்க அதிகம் இருப்பது அதில்தான். 1915-இல் 5-ஆம் எண்ணாக வந்து, பிறகு 23, கடைசியில் 36 என்று வளர்ந்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1972 வரை வைத்திருந்தது. குண்டைக் கவிழ்த்தால் அடியில் திருகி மூடும் ஒரு வட்ட மூடி. மாடல் எண், மார்க் எண் (அதே மாடலின் எத்தனையாவது திருத்த வடிவம் என்பது), தயாரித்தவர் பெயர் அல்லது சுருக்கம், பல சமயம் ஆண்டு என எல்லாம் அதில் பதிந்திருக்கும். இந்த மூடி ஏன் முக்கியம் என்றால், 23-இன் மூன்றாம் மார்க்கும் 36-உம் உடலளவில் கிட்டத்தட்ட இரட்டையர்கள். 23, துப்பாக்கிக் குழலுக்குள் போகும் கம்பியில் பொருத்தி எறிவதற்காக வந்தது. 36-க்குக் கம்பி கிடையாது. அடியில் ஒரு வட்டத் தகட்டைப் பொருத்தி, துப்பாக்கி முனையில் மாட்டிய கிண்ணத்திலிருந்து எறிவார்கள். உடலைத் தடவிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. மூடியில் உள்ள எண் சொல்லிவிடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ‘எம்’ என்ற எழுத்து இருந்தால் அது மெசொப்பொத்தேமியா, இன்றைய இராக் பகுதி. அங்கத்திய வெக்கைக்கும் ஈரத்துக்கும் தாங்கும்படி அரக்கு பூசி அடைத்த வகை. முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் பெருந்தொகையாகப் போன களம் அது. 36-இன் வழித்தோன்றலை இந்திய ராணுவமே அண்மைக்காலம் வரை பயன்படுத்தியது. 2021-இல்தான் டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்த புதிய குண்டு அதன் இடத்துக்கு வரத் தொடங்கியது.

பலம் இருக்கும் அதே இடத்தில்தான் மில்ஸின் ஓட்டையும் இருக்கிறது. திருகி மாட்டிய மூடியைத் திருகிக் கழற்றவும் முடியும். 1916 மூடி 1940-களின் உடலில் ஏறி உட்கார்ந்திருப்பது சந்தையில் சர்வசாதாரணம். இரண்டும் அசல், ஜோடி மட்டும் போலி. அதனால் மூடியைப் படித்த கையோடு உடலில் உள்ள வார்ப்பு முத்திரையையும் தேடுங்கள். மூடியும் உடலும் ஒரே மாதிரி துருவேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்பக்கம் சுற்றிலும் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருந்தால் வெடிமருந்து நிரப்பியது என்று பொருள். நடுவில் ஓடும் நிறப்பட்டை மருந்தின் வகையைச் சொல்லும். ஆனால் இரண்டுமே பெயின்ட்.

எம்.கே. 2-இல் பெயின்ட்தான் பிரதான சாட்சி. வெடிமருந்து நிரப்பி வந்தவை முதலில் உடல் முழுக்க மஞ்சள். எதிரி கண்ணில் படாதா? படும். அதனால் இரண்டாம் உலகப் போரின் நடுவில் உடல் ஆலிவ் பச்சையாகி, மஞ்சள் கழுத்தில் ஒரு பட்டையாகச் சுருங்கியது. பயிற்சிக் குண்டுக்கு நீலம். பார்க்க அழகான வரிசை, ஆனால் ஒரு தூரிகையும் அரை மணி நேரமும் இருந்தால் யாரும் உருவாக்கிவிடலாம். பச்சை உடலில் ஒரு சிராய்ப்பு, அதனடியில் மஞ்சள் தெரிந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். புத்தம்புதிதாக மின்னினால் குறையும். ஓரளவு உறுதியான தடயம் லீவரில், அதாவது எறியும்வரை கையால் அழுத்திப் பிடிக்கும் தகட்டில், பதித்த ஃப்யூஸ் எண். ஃப்யூஸ் என்பது குண்டை வெடிக்கவைக்கும் மேல்பாகம். எம் 10 வரிசை என்றால் போர்க்காலம் பொருந்தும். எம் 204 இருந்தால் பின்னால் வந்தது. ஆனால் லீவரும் கழற்றி மாற்றக்கூடியதே. இன்னொன்று, நீலம் பூசியிருக்கிறது என்பதற்காக ஒன்றை வெற்றுக் குண்டு என்று எண்ணிவிடாதீர்கள். மண்ணிலோ பரணிலோ கிடைத்தது என்றால் குறி தேடும் வேலையே வேண்டாம். கை வைக்காமல் போலீசைக் கூப்பிடுங்கள்.

எம் 24-இல் ஜெர்மன் ஒழுங்கு தெரியும். கழுகு முத்திரை, ஆய்வாளர் எண், ஆண்டு, போர்க்காலத்தில் தொழிற்சாலைப் பெயருக்குப் பதிலாக மூன்றெழுத்துக் குறியீடு. தலையில் வெள்ளை எழுத்தில், பயன்படுத்தும் முன் வெடிமூட்டியைச் செருகவும் என்ற ஸ்டென்சில் வாசகம். தலை சிவப்பாகவும் துளைகளோடும் இருந்தால் பயிற்சி வகை. எனக்குப் பிடித்தது புகைக்குண்டு வகை. தலையைச் சுற்றி விட்டுவிட்டு ஓடும் வெள்ளைக் கோடு. பிடியில் வரிப்பள்ளங்களும் வெட்டியிருப்பார்கள், இருட்டில் கைவிரலே படித்துக்கொள்ள. சிக்கல் என்னவென்றால், மெல்லிய தகட்டுத் தலையை மண் தின்றுவிடுகிறது, மரப்பிடி உளுத்துப்போகிறது. ஆகவே அசல் பிடியில் புதுத் தலை, அசல் தலையில் புதுப் பிடி என்ற ஒட்டுவேலை ஏராளம். கழுகு முத்திரைக்கு விலை ஏறுவதால் அதைப் புதிதாக அடித்துத் தருபவர்களுக்கும் குறைவில்லை.

முதல் வாங்கல் என்றால், செயலிழக்கச் செய்ததற்கான சான்றோடு வரும் 36-ஆம் எண் மில்ஸையே சொல்வேன், அதுவும் உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுத்தால் மட்டும். எம்.கே. 2-வை ஃப்யூஸ் எண்ணும் பெயின்டும் ஒரே காலத்தைச் சொன்னால் எடுக்கலாம். எம் 24-க்கு அவசரமே இல்லை. அசல் என்று ஊர்ஜிதமான நாலைந்து முத்திரைகளை அருங்காட்சியகத்தில் கண்ணாடி வழியாகவாவது பார்த்துப் பழகிய பிறகு பர்ஸைத் திறக்கலாம்.